கரும்புத் தோட்டத்திற்கு அப்பால் ஒரு பிஜி

தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோர் பிஜி என்ற தேசத்தைப் பூகோளப் பாடத்தில் அறிந்ததைக் காட்டிலும், பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டில் அறிந்ததே அதிகம். கடல் கடந்து போய்க் கண்ணீர் வடித்த நம் பெண்களை அந்தப் பாட்டு மறக்கவொட்டாமல் செய்தது. அந்த உபகாரம் சாமானியமானதன்று. ஆனால் ஒரு நாட்டைப் பாட்டின் வழியாக மட்டுமே தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாட்டு முடிந்த இடத்திலேயே நாடும் நின்றுபோயிற்று என்று அவர்கள் எண்ணிக்கொண்டு விடுகிறார்கள். அவ்விதம் நின்றுபோன பிஜியைச் சுற்றி நம்மிடையே படர்ந்திருக்கும் அபிப்பிராயங்களில் சில, பாதி மெய். சில, முழுப் பிழை.

“பிஜியில் இருப்பவர் இரண்டே ஜாதியார், ஒருவர் பூர்வகுடிகள், மற்றவர் இந்தியர்” என்பது இவற்றுள் மிகப் பரவலானது. முந்நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளும், அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் குடியிருப்பும் உள்ள அந்த நாட்டில், 2007-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி பூர்வகுடிகள் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர், இந்திய வம்சத்தார் முப்பத்தேழு பேர் என்பது உண்மையே. ஆனால் எஞ்சிய ஆறு பேரை யார் என்று கேட்டால், அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. வடக்கே தொலைதூரத்தில் தனித்துக் கிடக்கும் ரோத்தூமா தீவினர், 1881-ல் பிரிட்டிஷாரால் பிஜியோடு சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுடைய பாஷையும் வேறு, பழக்கங்களும் வேறு. ராம்பி என்ற தீவிலே வாழும் பனாபா மக்களோ, தங்கள் சொந்தத் தீவின் மண்ணிலிருந்த பாஸ்பேட்டை உரத்திற்காகத் தோண்டிக் கொண்டுபோன கம்பெனியாரும் சர்க்காரும் அது இனி வாழத் தகாதது என்று சொல்லிய பின், 1945-ம் ஆண்டு டிசம்பரில் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். ராம்பித் தீவை வாங்கிய பணமும், அந்தப் பாஸ்பேட்டுக்காக அவர்களுக்கே சேர வேண்டியிருந்த பணந்தான்! இன்றைக்குத் துவாலு எனப்படும் எல்லிஸ் தீவுகளிலிருந்து, தங்கள் தீவில் இடம் போதாமற் போகுமென்று முன்கூட்டியே யோசித்துக் கியோவா என்னும் தீவை விலைக்கு வாங்கி, 1947 முதல் குடியேறிய வைத்துப்பு மக்கள் மற்றொரு சாரார். தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவினரின் சந்ததியாரும், சீனரும், ஐரோப்பியக் கலப்பினரும் இவர்களோடு உண்டு. இத்தனை பேரையும் ‘மற்றையோர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி மூலையில் வைப்பது ஜனக்கணக்கு எழுதுபவனுக்குச் சௌகரியம். நமக்கு அந்த அவசியம் இல்லை.

பிஜி என்ற பெயரே அந்நாட்டார் வைத்ததன்று என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். அவர்கள் தங்கள் நாட்டை ‘வீத்தி’ என்கிறார்கள்; அண்டையிலுள்ள தோங்கா தேசத்தார் நாவில் அது ‘ஃபீசி’ ஆயிற்று; அதைக் கேட்ட ஆங்கில மாலுமிகளின் காதில் பிஜி ஆயிற்று.

“பூர்வகுடிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்” என்ற கதையைப் பிறர் சொன்னால் வியப்பில்லை. பிஜியர்களே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள் என்பதுதான் விசேஷம். கௌனித்தோனி என்ற பெரும் படகிலே, லுத்துனசொம்பசொம்பா என்ற தலைவன் டாங்கனீகா ஏரிக் கரையிலிருந்து தன் கூட்டத்தாரை அழைத்து வந்தான் என்பது அந்த ஐதிகம். இதன் பூர்வோத்தரத்தை விசாரித்த சரித்திராசிரியர்கள், பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடங்களில் கற்பித்த பாடங்களும், 1892-ல் ‘நா மத்தா’ என்ற பத்திரிகை பழங்கதைகளுக்காக நடத்திய ஒரு போட்டியும் சேர்ந்தே இதற்கு இவ்வளவு உறுதியான உருவம் கொடுத்தன என்று காட்டியிருக்கிறார்கள். நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர்களோ வேறு சாட்சியம் கண்டார்கள். புள்ளிகளால் சித்திரம் பதித்த லப்பித்தா மட்பாண்டங்களைச் செய்த கடலோடிகள், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், மேற்கேயுள்ள தீவுக் கூட்டங்களிலிருந்து துடுப்பும் பாயும் கொண்டு வந்து சேர்ந்தனர். ஆயினும் அந்த ஐதிகத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் ஒரு தலைமுறையிலேயே பாட்டி கதையாகிவிடும் அதிசயம் உலகத்தில் எங்கும் நடப்பதே.

மனிதரைத் தின்றவர்கள் என்ற பழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழங்காலத்துப் போர்களை ஒட்டி அந்த வழக்கம் இருந்தது. பௌ நாட்டுத் தலைவர் தாக்கொம்பாவ் 1854-ல் கிறிஸ்தவரானபின் வேகமாக மறைந்தது. தாமஸ் பேக்கர் என்ற பாதிரியார் 1867-ல் மலைநாட்டில் கொல்லப்பட்டதற்கு, அவர் அங்கிருந்த தலைவனின் தலையிலிருந்து சீப்பை எடுத்ததே காரணம் என்று சுவையாகச் சொல்வதுண்டு. மலைநாட்டாருக்கும் பௌ ஆட்சிக்கும் இருந்த பகையும், புது மதம் அந்த ஆட்சியின் முன்னோடியாகவே வருகிறது என்ற அச்சமும் உண்மைக்கு மிக அருகில் உள்ளவை. 2003-ல், அவர் கொல்லப்பட்ட கிராமத்தார் பேக்கரின் சந்ததியாரை வரவழைத்துச் சடங்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி, நமக்கு நேரே சம்பந்தமுள்ள ஒரு பிழைக்கு வருவோம். “பூர்வகுடிகள் சோம்பேறிகள், ஆகையால்தான் இந்தியக் கூலிகளைக் கொண்டுவர நேர்ந்தது” என்பது. தோட்ட முதலாளிகள் தங்கள் சௌகரியத்துக்காகச் சொன்ன இந்த வார்த்தையை, கூலிகளாய்ப் போனவர்களின் உறவினராகிய நாமும் திருப்பிச் சொல்வது விந்தையே. நடந்தது யாது? 1874-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிஜித் தலைவர்கள் நாட்டைப் பிரிட்டிஷ் அரசியாரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஜனவரியில், சிட்னிக்குப் போய்த் திரும்பிய தாக்கொம்பாவின் கப்பலோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. அதற்கு முன் அந்த நோயை அறியாத உடல்கள். சில மாதங்களுக்குள் நாற்பதினாயிரம் பேரளவில், அதாவது நாலில் ஒரு பங்குக்கு மேல், மாண்டு போனார்கள். அந்தச் சாவின் பின்னால் கவர்னராக வந்த ஸர் ஆர்தர் கார்டன், எஞ்சிய ஜனங்களைக் கிராமங்களிலிருந்து பெயர்த்துத் தோட்டத்தில் தள்ளினால் அந்த இனமே அற்றுவிடும் என்று அஞ்சி, அவர்களுடைய நிலம் விற்கப்படுவதைத் தடுத்தார். அவர்கள் தோட்டக் கூலியாவதற்கும் தடைகள் வைத்தார். ஆனால் சர்க்கார் நடத்தப் பணம் வேண்டும். பணத்திற்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். மொரீஷியஸிலும் டிரினிடாடிலும் முன்னரே கவர்னராயிருந்தவருக்கு அந்த ஆள் எங்கே கிடைப்பான் என்று தெரியாதா? ஒரு ஜனத்தைக் காத்த கருணைக்கு விலை கொடுத்தவர் மற்றொரு ஜனத்தார்.

1879-ம் வருஷம் மே 14-ந் தேதி ‘லியோனிடாஸ்’ என்ற முதற்கப்பல் பிஜிக் கடலை அடைந்தது. 1916 வரை போனவர் அறுபதினாயிரம் பேர் அளவில். இங்கேதான் பாட்டினால் விளைந்த இன்னொரு மயக்கம்: போனவரெல்லாம் தமிழர் என்று நாம் நினைக்கிறோம். முதல் இருபத்து நான்கு வருஷங்கள் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே புறப்பட்டன. அவற்றில் ஏறியவர்கள் பெரும்பாலும் அயோத்திச் சீமை, போஜ்புரிச் சீமைக் குடியானவர்கள். சென்னைத் துறைமுகத்தின் வழியாக ஆட்கள் போகத் தொடங்கியது 1903-ல். அவ்விதம் போனவர் மொத்தத்தில் நாலில் ஒரு பங்கினர். அவர்களிலும் தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் கலந்திருந்தனர். ‘அக்ரிமெண்டு’ என்ற சொல் இவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆகி, ஐந்து வருஷ அடிமைத்தனத்திற்கே பெயராய் நின்றது. மேற்பார்வை செய்த துரை ‘கூலம்பர்’ ஆனான். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று சர்க்கார் விதித்த கணக்கு, கூலிகள் தங்கிய லைன் வீடுகளில் பெண்களுக்கு என்ன கதியைக் கொடுத்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரதியார் பாடியதில் மிகையில்லை. 1920 ஜனவரி முதல் தேதியன்று எஞ்சிய ஒப்பந்தங்களெல்லாம் ரத்தாயின.

அதற்குப் பிந்திய சரித்திரத்தைத்தான் நாம் படிப்பதில்லை. கப்பலிலேயே உடைந்துபோன ஜாதிக் கட்டு பெரும்பாலும் மீளவேயில்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள் ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் சகோதரர், என்று உறவு கொண்டாடினார்கள். பல வட்டார மொழிகள் கலந்து பிஜி ஹிந்தி என்ற புது மொழி பிறந்தது; இன்று தமிழ் வம்சத்தாரின் வீடுகளிலும் பெரும்பாலும் அதுவே பேச்சு. இதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. சாது குப்புசுவாமி 1926-ல் ஆரம்பித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்களும், லம்பாசாவில் ஒரு நர்ஸ் பயிற்சிக் கல்லூரியும் நடத்துகிறது. அந்தப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளும் ஏராளமாகப் படிக்கிறார்கள்.

“நிலத்தையெல்லாம் இந்தியர் வளைத்துக்கொண்டார்கள்” என்ற குற்றச்சாட்டு பிஜியின் அரசியலில் எத்தனையோ முறை எரியூட்டியிருக்கிறது. நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மத்தங்காலி எனப்படும் பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. கரும்பு விளைவித்த இந்தியர் குத்தகைக்காரர். 1976-ன் சட்டப்படி நீட்டிக்கப்பட்ட குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியபோது, பாட்டன் உழுத மண்ணை விட்டுப் பட்டணத்துக் குடிசைக்குப் போன குடும்பங்கள் பல. இந்தக் குற்றச்சாட்டு புகைந்துகொண்டிருந்த அரசியலில், 1987-ல் முதல் ராணுவப் புரட்சி நடந்த நாளும் மே 14 தான். லியோனிடாஸ் வந்த அதே தேதி.

இவ்வளவு பிணக்குகளுக்கிடையே, இரு சாராரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்தது என்று வெளியார் கருதும் ஒரு காரியம் உண்டு: தீமிதி. அதில் யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்பவர்களுக்கு விடை, யாரும் யாரிடமும் கற்கவில்லை என்பதே. பெங்காத் தீவின் சவௌ குலத்தார் மிதிப்பது நெருப்பையன்று, மரக்கட்டைகளை அடுக்கி மணிக்கணக்கில் எரித்துப் பழுக்கக் காய்ச்சிய கற்களை. அதன் பெயரே ‘அடுப்பிலே குதித்தல்’ என்று பொருள்படும். விலாங்கு மீனைப் பிடிக்கப் போன அவர்களுடைய முன்னோன் கையில் ஒரு தேவதை அகப்பட்டு, தன்னை விட்டுவிட்டால் நெருப்பை வெல்லும் வரம் தருவதாக வேண்டிற்று என்பது அவர்கள் ஐதிகம். இறங்குவதற்கு முன் ஸ்திரீ சம்பந்தமும் தேங்காயும் விலக்கு. நம்மவர்கள் சூவாவின் மாரியம்மன் கோயிலில் இறங்குவதோ, மஞ்சளாடை உடுத்தி, பத்து நாள் விரதம் காத்து, தணல் பரப்பிய பூக்குழியில். கல்லும் தணலும் வேறு. வரமும் வேண்டுதலும் வேறு. இரண்டும் கடல்களுக்கு அப்பால் தனித்தனியே பிறந்து, ஒரே நாட்டில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. இதைக் காட்டிலும் அதிசயமான தற்செயலை நான் அறியேன்.

உண்மையிலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. ‘யங்கோனா’ என்ற பானத்தைப் பிஜியரின் கள் என்று நம்மவர் எழுதிவிடுகிறார்கள். அது புளிக்க வைத்ததன்று. அதில் சாராயச் சத்து துளியும் இல்லை. ஒரு செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்தெடுப்பது. அந்தச் செடி நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் நெருங்கிய தாயாதி. நாக்கை மரக்கச் செய்து, உடம்பைத் தளர்த்தி, மனத்தை அமைதியாக்கும். கிராமத்துக்கு வரும் விருந்தாளி இந்த வேர்க்கட்டைத் தலைவர் முன் வைத்து வணங்கினால்தான் வரவு முறைப்படி ஆகும். நாம் தாம்பூலத் தட்டு வைப்பதை எண்ணிக்கொள்க. சிரட்டையில் வந்ததை ஒரே மூச்சில் பருகி முடித்ததும் சுற்றியிருப்பவர் கை தட்டி ‘மாதா’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அம்மனை அழைத்தாற்போல் இருக்கும், ஆனால் ‘காலியாயிற்று’ என்றே அதற்குப் பொருள். கரும்பு வெட்டி வந்த இந்தியனும் மாலையில் ‘நங்கோனா’ என்று இதையே குடிக்கிறான். பிஜியன் வீட்டில் ரொட்டி சுடுகிறார்கள். இந்தியன் வீட்டில் சேப்பங்கிழங்கு வேகிறது. யங்கோனாவை அமிர்தமென்று புகழவும் நான் வரவில்லை. இரவெல்லாம் குடிப்பவனின் தோல் வறண்டு செதிலாடுவதையும், மறுநாள் வேலை கெடுவதையும் அந்நாட்டாரே சொல்கிறார்கள்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிஜி மொழிக்கு எழுத்து வகுத்த பாதிரிமார், ‘ந்த’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்து டி என்ற எழுத்தையும், ‘ம்ப’ என்ற ஒலிக்கு பி என்ற எழுத்தையும் தனியே நிற்க வைத்தார்கள். ஒரே பகரத்தைப் ‘பம்பரம்’ என்ற சொல்லில் இரண்டு விதமாக ஒலிக்கும் நமக்கு இது விளங்காத சங்கதியன்று. இருந்தும், 1994-ல் கும்பாபிஷேகம் கண்ட சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கும் ஊரின் பெயரைத் தேசப்படத்தில் ஆங்கில எழுத்தில் பார்த்து ‘நாடி’ என்றும் ‘நதி’ என்றும் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த ஊரின் பெயர் நாந்தி. இனியேனும் அப்படியே எழுதுங்கள்.