ஓய்வுக்கு ஏற்ற தீவு

கேள்வி: குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் அலைச்சலின்றி ஓய்வெடுக்க அந்தமானில் எத்தீவு ஏற்றது?

பதில்: 2018-இல் ஷகீத் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட நீல் தீவே ஏற்றது, காய்கறித் தோட்டங்கள் நிறைந்த இச்சிறு தீவில் ஒரு கடற்கரையிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். பரத்பூர் கரையில் பவளத்திட்டு, அதாவது நுண்ணிய கடலுயிர்களின் சுண்ணாம்புக் கூடுகள் காலங்காலமாகச் சேர்ந்து உருவான திட்டு, அலையின் வேகத்தைத் தணிப்பதால் குழந்தைகள் ஆழமற்ற நீரில் பெரியோர் கண்ணெதிரே விளையாட இயலும். லட்சுமண்பூரில் கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவை நீர் வற்றும் வேளையில்தான் நெருங்க முடியும் என்பதாலும், அவ்வேளை நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதாலும், உள்ளூராரிடம் நேரம் கேட்டுச் செல்வதே முறை. அங்குள்ள குட்டைகளில் சிறுமீன்களும் கடல் வெள்ளரிகளும் அசைவதைக் குனிந்து பார்க்கலாம், ஆனால் உயிருள்ள பவளத்தை மிதிக்கலாகாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் தடைபடக்கூடும்.