பருமன் மறைக்கும் மெலிவு

புற்றுநோயாளர் பருமனாக இருந்தால் ஊட்டக்குறைவு இல்லையென்று கொள்ளலாமா? கூடாது. இன்றைய எடையைவிட, ஆறு திங்களில் குறைந்த எடையே முதற்கேள்வி. உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைவது ஊட்டக்குறைவின் அடையாளம் என்பது, பன்னாட்டு ஊட்டவியல் அறிஞர் 2019-இல் வெளியிட்ட ‘கிளிம்’ அளவுகோல். 80 கிலோவினர் 75 ஆனால் 6.25 பங்கு போய்விட்டது. பார்வைக்கோ பருமனாகவே தோன்றுவார்.

வயிற்றிலும் காலிலும் நீர் கோத்தால் எடைக்கருவியும் ஏமாற்றும். அப்போது தோள், தொடைத் தசைகளைச் சோதிப்பர். ஊட்டம் குன்றிய உடல் மருந்தின் கடுமையைத் தாங்காது, சிகிச்சையே தடைப்படலாம்.

ஊரிலிருந்து வந்து பிரேசர் டவுனில் நம்மோடு தங்கி, ஓசூர்ச் சாலைக் கித்வாய் மருத்துவமனைக்குச் செல்லும் உறவினர்க்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. பழைய எடை, இன்றைய எடை, உண்ணும் அளவு மூன்றையும் எழுதி மருத்துவரிடம் கொடுப்போம்.