மணலில் எழுதிய ஆசிரியர்

நுழையும்முன்

பிற நாட்டிற்குச் சென்று கற்பிக்கும் ஆசிரியர் தம் கல்வியை மட்டும் கொண்டு செல்வதில்லை; தம் பழக்கங்களையும் முன்முடிவுகளையும் உடன்கொண்டே செல்கிறார். அவற்றுள் எதனை வைத்துக்கொள்வது, எதனைக் கைவிடுவது என்பதை அந்நாட்டு மக்களே அவருக்குக் கற்பிக்கின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் காவிரிப்படுகையில் வாழ்ந்த அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரின் அன்றாட வாழ்க்கை வழியே இதனை விளக்குகிறது இப்பாடம்.

கடலோரச் சிற்றூர்

காவிரியின் கிளைகள் வங்கக் கடலில் கலக்கும் பகுதியில் அமைந்த துறைமுக ஊர் தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க் நாட்டு வணிகர் அங்கே குடியேறினர். அவர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. வணிகர் வந்து ஏறத்தாழ எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1706 ஜூலை 9 அன்று, அவ்வூர்த் துறையை ஒரு கப்பல் வந்தடைந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் சமயப்பணிக்கென அனுப்பிய செருமானியர் இருவர் அதில் இருந்தனர். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் என்றிக் புளூட்சோ. ஏழு திங்களுக்கு மேல் கடலில் பயணம் செய்து வந்த அவர்களைக் கோட்டை அலுவலர் மகிழ்வுடன் வரவேற்கவில்லை. வணிகத்திற்கு இடையூறாக வந்தவர்கள் என்றே அவர்களைக் கருதினர்.

சீகன்பால்கு செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுநித்சு என்னும் ஊரில் 1682இல் பிறந்தவர். ஹாலே நகரில் பயின்றவர். கற்பிக்க வந்த அந்த இளைஞருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சுற்றிலும் வாழ்ந்தோருக்கு அவர் மொழி தெரியாது. தரங்கம்பாடியில் அக்காலத்தில் போர்த்துகீசியம் வணிகத்தின் பொதுமொழியாக வழங்கிற்று. அதனைக் கற்றுக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு காலம் தள்ளியிருக்கலாம். அயல்நாட்டவர் பலர் அவ்வாறே வாழ்ந்தனர். சீகன்பால்கு வேறு வழியைத் தேர்ந்தார்.

திண்ணையில் ஒரு மாணவர்

அந்நாளில் காவிரிப்படுகையின் ஊர்களில் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடைபெற்றது. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பிச் சுட்டுவிரலால் எழுத்துகளை எழுதுவர். எழுதும்போதே அவ்வெழுத்தின் ஒலியை உரக்கச் சொல்வர். விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். கண், காது, வாய், கை ஆகிய நான்கும் ஒருங்கே கற்கும் முறை இது.

சீகன்பால்குவும் புளூட்சோவும் முதிய ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தங்கள் இருப்பிடத்திற்கு வரச்செய்தனர். பிள்ளைகள் மணலில் அமர்ந்தனர். அவர்களுக்கு நடுவே அயல்நாட்டார் இருவரும் அமர்ந்தனர். பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து எழுதினர். பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னர். பல்கலைக்கழகத்தில் இலத்தீனமும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற ஒருவர், ஐந்து வயதுக் குழந்தைக்கு இணையாக அமர்ந்து அகரம் எழுதிப் பழகியது எளிய செயலன்று. தம் அறியாமையை ஊரறிய ஒப்புக்கொள்ளும் துணிவு அதற்கு வேண்டும்.

அம்முதிய ஆசிரியருக்கும் சீகன்பால்குவுக்கும் பொதுவான மொழி இல்லை. எழுத்தைக் கற்பிக்க முடிந்தது. பொருளை விளக்க முடியவில்லை. இக்குறையைப் போக்க, பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். ஓராண்டுக்குள் சீகன்பால்கு தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் வல்லவரானார்.

ஒரு நாளின் நேரப்பங்கீடு

தம் அன்றாடப் பயிற்சியைச் சீகன்பால்கு தாமே எழுதிவைத்துள்ளார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்னர் எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மீள ஓதுவார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, இதற்குமுன் படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். அப்போது புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புதிய சொல் வந்தவுடன் எழுத்தர் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாக இருப்பின் புலவர் அதனைப் பேச்சுத் தமிழில் விளக்குவார். உண்ணும் நேரத்திலும் ஒருவர் நூலைப் படிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மீண்டும் படிப்பு. இரவு ஏழு மணி முதல் எட்டு மணி வரை, கண்களுக்கு ஓய்வு தரும்பொருட்டு, பிறர் படிக்கச் செவிமடுப்பார். தம்முடைய பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே அவர் மிகுதியும் விரும்பினார்.

இந்நேரப்பங்கீட்டில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. நாளின் பெரும்பகுதி அவர் பேசிய நேரமன்று, கேட்ட நேரம். சுவடிகளைத் திரட்ட எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். விலைகொடுத்து வாங்கியும் படியெடுத்தும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்தார். 1708இல் அவற்றிற்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அதில் திருக்குறளும் இடம்பெற்றது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று அறநூல்களைச் செருமன் மொழியில் பெயர்த்தார். இவற்றுள் கொன்றைவேந்தனும் உலகநீதியும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மணலில் உடன் அமர்ந்த குழந்தைகளின் பாடநூலே ஐரோப்பாவிற்கு அவர் அனுப்பிய முதற்செல்வங்களுள் ஒன்றாயிற்று. தமிழரை நாகரிகமற்றவர் என ஐரோப்பியர் எண்ணுவது அவர்தம் மொழியையும் நூல்களையும் அறியாமையால் விளைந்தது என்று அவர் எழுதினார். வந்தபோது தாமும் அவ்வாறே எண்ணியதை மறைக்கவில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> மணலில் எழுதும் முறையும், முன்னேறிய மாணவர் பிற மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் நம் திண்ணைப் பள்ளிகளின் இயல்புகள். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், உள்ளூர்ப் பள்ளியில் மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். அதுபற்றி 1797இல் அவர் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் பரவிய அம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று.

கற்றவர் கற்பித்தார்

1707இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் பள்ளிகளைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில் அவர்களுக்கும் பள்ளி அமைத்தார். தமிழாசிரியர்களே தமிழ் கற்பித்தனர். 1716இல் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக் கூடம் ஒன்றும் தொடங்கப்பெற்றது.

இப்பணிகள் எளிதில் நடைபெறவில்லை. கோட்டைத் தலைவருடன் ஏற்பட்ட மாறுபாட்டால் 1708ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டான்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். நான்கு திங்கள் கழித்தே விடுதலை பெற்றார். அவரைச் சிறையிட்டவர் தமிழர் அல்லர். கடல் கடந்து வந்த அவர்தம் சொந்தக் கண்டத்தவரே.

ஓலைச்சுவடியைப் படியெடுப்பது காலமும் பொருளும் வேண்டும் பணி. ஆதலால் அச்சு இயந்திரம் வரவழைக்கப்பட்டது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். தாள் தட்டுப்பாட்டைப் போக்க அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் அமைக்கப்பட்டது. தமிழில் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது.

மடல்களும் மறுப்புகளும்

சீகன்பால்கு வந்த நோக்கம் சமயம் பரப்புதல். அந்நோக்கம் பற்றி அன்றும் மாறுபட்ட கருத்துகள் இருந்தன, இன்றும் உள்ளன. அன்றைய தமிழர் அக்கருத்துகளை அவரிடமே எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழர்தம் வாழ்வியல், சமயம், பழக்கவழக்கம் ஆகியன குறித்து அவர் வினாக்கள் விடுத்தார்; கற்றறிந்த தமிழர் மடல்களில் விடை எழுதினர். ஐரோப்பியர் மது அருந்துவதையும் தூய்மை பேணாமையையும் சிலர் வெளிப்படையாகக் கடிந்தனர். அக்கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தம்மவரைக் குறைகூறும் சொற்களையும் தம்மவர் படிக்கத் தந்தது, மாணவராக அமர்ந்து பழகியவரின் நேர்மை எனலாம்.

ஆயினும், அவர் கற்றவை அனைத்தையும் ஏற்க அவரை அனுப்பியோர் ஆயத்தமாக இல்லை. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய விரிவான நூலை ஹாலேயில் இருந்தோர் அச்சிட மறுத்தனர். சமயம் பரப்பச் சென்றவர் பிற சமயத்தை விளக்குவதில் காலம் செலவிட்டார் என்பது அவர்தம் குறை. அந்நூல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 1867இல் சென்னையில் அச்சேறியது.

1714இல் அவர் ஐரோப்பாவிற்குப் பயணம் மேற்கொண்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலிலும் தமிழ்ப் பயிற்சி தொடர்ந்தது. அக்காலத்தில் உருவான தமிழ் இலக்கண நூல் 1716இல் இலத்தீன் மொழியில் ஹாலேயில் வெளிவந்தது. மீண்டும் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று மறைந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தாறு.

சொல்லுக்கு வந்த நெல்

சீகன்பால்கு இட்ட விதை ஹாலேயிலும் முளைத்தது. பின்னாளில் அங்கே மாணவராக இருந்தபோதே தமிழ் பயின்று, 1750இல் இங்கு வந்தவர் பிரெடரிக் சுவார்ட்ஸ். தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் பணியாற்றியபின் அவர் தஞ்சையில் வாழ்ந்தார். பல ஆண்டுகள் மக்களோடு அவர்தம் மொழியிலேயே பேசி வாழ்ந்தவரின் சொல்லுக்கு எத்துணை மதிப்புண்டு என்பது 1780களின் தொடக்கத்தில் தெரிந்தது.

ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு பாழ்பட்டது. கோட்டைக்குள் பஞ்சம் நிலவியது. வெளியே உழவரிடம் நெல் இருந்தது. எனினும் அவர்கள் கொண்டுவர மறுத்தனர். முன்னர்க் கொண்டுவந்த நெல்லுக்கு உரிய விலை தரப்படவில்லை என்பதே காரணம். அரசின் வாக்குறுதியை நம்பாத உழவர், சுவார்ட்ஸ் தாமே பொறுப்பேற்பதாகச் சொன்னதும் நம்பினர். சில நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் கிடைத்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. உழவர்க்குரிய தொகையை அவர் தவறாது வழங்கினார்.

பின்னர் ஒருமுறை, கொடிய வரிச்சுமையால் உழவர் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு அகன்றபோதும் அவர் சொல் கேட்டே திரும்பினர். ஜூனில் தொடங்க வேண்டிய பயிர்வேலை அவ்வாண்டு செப்டம்பரில்தான் தொடங்கிற்று. இரவுபகலாக உழைத்து, முந்தைய ஆண்டைவிட மிகுந்த விளைச்சலைக் கண்டனர்.

சுவார்ட்சிடம் பயின்ற இளவரசரே இரண்டாம் சரபோஜி. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார்; அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்து உலகறியச் செய்த அம்மன்னர், தம் ஆசிரியருக்கு நினைவுச் சிற்பம் ஒன்றை இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு வடிக்கச் செய்தார். இறக்கும் தறுவாயிலுள்ள ஆசிரியரின் கையை மாணவர் பற்றியிருக்கும் அச்சிற்பத்தைத் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவிலுள்ள தேவாலயத்தில் காணலாம்.

பின்னணியில் இருந்தோர்

அயல்நாட்டு ஆசிரியரின் வாழ்வில் உள்ளூர் ஆசிரியருக்கு உள்ள இடம் தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதன்று. லாப்காடியோ ஹேர்ன் என்பவர் 1890இல் ஜப்பானுக்குச் சென்று, மட்சுயே என்னும் ஊர்ப்பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். ஜப்பானியக் கதைகளை உலகறியச் செய்த எழுத்தாளராக இன்று போற்றப்படுகிறார். ஆனால் அவர் ஜப்பானிய மொழியை முழுமையாகக் கற்றவரல்லர். அவர் எழுதிய கதைகளுள் பலவற்றை அவருக்குச் சொன்னவர், அவர் மணந்த சேட்சு என்னும் ஜப்பானியப் பெண்மணி. நூலின் அட்டையில் ஒரு பெயர். நூலின் உள்ளே இருவர் உழைப்பு.

சீகன்பால்குவின் பெயரை வரலாறு பக்கம் பக்கமாகப் பேசுகிறது. மணலைப் பரப்பி அவருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியரையும், செய்யுளுக்குப் பொருள் சொன்ன புலவரையும், சொற்களைக் குறித்துவைத்த எழுத்தரையும் ஓரிரு வரிகளில் கடந்து செல்கிறது. அவர்கள் இல்லையேல் பட்டியலும் இல்லை, இலக்கணமும் இல்லை, அச்சு நூலும் இல்லை. ஒருவரைப் புகழும்போது அவருக்குக் கற்பித்தவரையும் சேர்த்து நினைப்பதே நிறைவான வரலாறு.

இன்று காவிரிப்படுகையின் வயல்களில் நடவு செய்யப் பிற மாநிலத் தொழிலாளர் வருகின்றனர். தமிழறியாத குழந்தை ஒன்று நம் வகுப்பறைக்கு வரக்கூடும். நாளை நீங்களும் கற்கவோ கற்பிக்கவோ அயல்நாட்டிற்குச் செல்லக்கூடும். இரு நிலைகளிலும் முதலில் தேவைப்படுவது ஒன்றே: பிறர் மொழியைக் கேட்பதற்கு ஒதுக்கும் நேரம். அந்நேரத்தை ஒதுக்குபவரை ஊர் தன்னவராக ஏற்கும். அவர் சொல்லையும் நம்பும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் திண்ணைப் பள்ளியில் பயின்ற முதியோர் இருப்பின் அவர்களைக் கண்டு உரையாடி, அக்காலக் கற்பித்தல் முறையைக் கட்டுரையாக்குக.
2. தமிழறியாத மாணவர் ஒருவருக்கு முதல் வாரத்தில் கற்பிக்க வேண்டிய இருபது சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தேர்ந்ததற்கான காரணத்தை எழுதுக. அம்மாணவரின் மொழியில் அச்சொற்களுக்கு இணையானவற்றை அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்க.
3. 'அரசின் வாக்குறுதியை நம்பாத உழவர், ஆசிரியர் ஒருவரின் சொல்லை நம்பியது ஏன்?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.