ஆங்கிலேயர் வீட்டுக் காலை உணவும் என் ஏழாம் வகுப்பும்

நான் பணிபுரிவது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் உரையாடல் பயிற்சிக்காக, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் கேட்டேன். முப்பத்தோரு பிள்ளைகள். ஏறத்தாழ எல்லோரும் ‘பிரெட், பட்டர், ஜாம்’ என்றார்கள். துணிந்த ஒருவன் ‘எக் அண்ட் சாஸேஜ்’ என்றான். எங்கள் ஊர்க் கடையில் பிரெட் பாக்கெட் காய்ச்சல்காரர்களுக்காகத்தான் வாங்கி வைத்திருப்பார்கள். சாஸேஜை அந்தப் பையன் கண்ணால் கண்டதில்லை. நான் வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ‘வெரி குட்’ சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனேன்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வகுப்பறைச் சுவரில் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் தொங்கவிட்டிருந்த அட்டைதான் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு வார இதழில் வந்த ஓட்டல் விளம்பரப் படத்தை வெட்டி ஒட்டி, ‘ஆங்கிலேயர் காலை உணவு’ என்று தலைப்பிட்டிருந்தேன். பொரித்த முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள், சாஸேஜ், தக்காளி, காளான், பீன்ஸ், டோஸ்ட் என்று தட்டு நிறைய இருக்கும்.

என் அக்கா மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், மருத்துவமனைச் செவிலியராக இருக்கிறாள். கோடை விடுமுறையில் கைப்பேசியில் பேசும்போது அந்த அட்டையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “சித்தி, வேலை நாள்ல யாரு அதெல்லாம் பண்ணி சாப்பிடறாங்க? வார்டுல காலையில நாங்க குடுக்கறதே சீரியலும் டோஸ்ட்டும் டீயும்தான். நீங்க சொல்றது ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு.”

அதன்பின் அவளிடம் கேட்டதையும் நானாகத் தேடிப் படித்ததையும் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வேலை நாளில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் காலை உணவு பத்து நிமிட வேலை. கிண்ணத்தில் சீரியலைக் கொட்டி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாலை எடுத்து அப்படியே ஊற்றுவார்கள். இதைச் சொன்னதும் என் வகுப்பில் முதல் கேள்வி, “காய்ச்சாமலா டீச்சர்?” என்பதுதான். அங்கே கடைக்கு வரும் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது. அதை மறுபடி காய்ச்சும் பழக்கம் இல்லை.

இந்த ‘சீரியல்’ என்ற சொல்லில் நம் பிள்ளைகள் இடறுவார்கள். அறிவியல் பாடத்தில் அதற்குத் தானியம் என்று பொருள். நெல்லும் கோதுமையும் கம்பும் சீரியல். காலை உணவு மேசையிலோ, தானியத்தை வேகவைத்து, நசுக்கி, வறுத்து, பெட்டியில் அடைத்து விற்கும் பண்டம். தானியங்களுக்குரிய ரோமானியப் பெண் தெய்வம் சீரிஸின் பெயரிலிருந்து வந்த சொல் இது என்று சொன்னால் இரண்டு பொருளும் மனத்தில் நிற்கும். கார்ன்ஃபிளேக்ஸ் ஆங்கிலேயர் கண்டுபிடிப்பே இல்லை. அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரின் உடல்நல இல்லத்தில், சைவ உணவு உண்ணும் நோயாளிகளுக்காகக் கெல்லாக் சகோதரர்கள் செய்து பார்த்ததில் பிறந்தது. தம்பி வில் கெல்லாக் 1906-இல் நிறுவனம் தொடங்கினார். 1922-இல் அது பிரிட்டனுக்கு வந்தது. 1932 முதல் நார்தாம்ப்டன்ஷயரின் பர்ட்டன் லாட்டிமர் என்ற சிற்றூரில் முழுக்கோதுமையால் செய்யப்படும் வீட்டாபிக்ஸ், நீள்வட்ட பிஸ்கட் வடிவில் இருக்கும். இரண்டைப் போட்டுப் பால் ஊற்றினால் சிறிது நேரத்தில் குழைந்துவிடும்.

குளிர்காலத்தில் பாரிட்ஜ். ஓட்ஸைத் தண்ணீரிலோ பாலிலோ கிளறிக் காய்ச்சுவது. இதை விளக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. “கஞ்சி, டீச்சர்!” என்று வகுப்பே சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தில் மரபாக உப்புப் போடுவார்கள். இங்கிலாந்தில் சர்க்கரையோ தேனோ சேர்ப்போரே மிகுதி.

அடுத்தது டோஸ்ட். வெண்ணெய் தடவி, மேலே ஜாம் அல்லது மார்மலேட். மார்மலேட் என்பது ஸ்பெயினின் செவில் பகுதிக் கசப்பு ஆரஞ்சைத் தோலோடு சர்க்கரைப் பாகில் காய்ச்சியது. அந்தப் பழம் ஜனவரியை ஒட்டிச் சில வாரங்களே கிடைக்கும் என்பதால் வீட்டில் செய்வோர் அப்போதே ஆண்டு முழுவதற்கும் போட்டுவைப்பார்கள், நாம் மாவடு போடுவதுபோல. மார்மைட் என்று இன்னொன்று உண்டு. பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து 1902 முதல் பர்ட்டன் அபான் ட்ரென்ட்டில் செய்யப்படும் கறுப்பான, உப்புக் கரிக்கும் பசை. என் அக்கா மகள் ஒருமுறை நாக்கில் வைத்ததோடு சரி. எல்லாவற்றோடும் பால் விட்ட தேநீர்.

டோஸ்ட் நமக்கு நல்ல இலக்கணப் பாடமும்கூட. ‘டூ டோஸ்ட்ஸ்’ என்று சொல்வதில்லை. ‘டூ ஸ்லைசஸ் ஆஃப் டோஸ்ட்’ என்பதே வழக்கு. ‘பிரெக்ஃபஸ்ட்’ முன் பொதுவாக ‘தி’ வராது. ‘ஈட்’ என்பதைவிட ‘ஹாவ்’ இயல்பு. உச்சரிப்பையும் கவனியுங்கள்: தனியே நின்றால் ‘பிரேக்’, ‘ஃபாஸ்ட்’; சேர்ந்ததும் இரண்டும் குறுகி ‘பிரெக்ஃபஸ்ட்’. இரவு நோன்பை முறிப்பது என்று பொருள் சொல்லிக்கொடுத்துவிட்டு, உச்சரிப்பைப் பிரித்தே பழக்கிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்படியானால் என் அட்டையில் இருந்த தட்டு பொய்யா? பொய் இல்லை. ‘ஃபுல் இங்கிலீஷ்’ என்று அதற்குப் பெயரே உண்டு. விடுமுறைக் காலை, விடுதி அறை, சாலையோரச் சிறு உணவகம் ஆகியவையே அதன் இடங்கள். விக்டோரியா காலத்துச் செல்வர் வீடுகளில் சமையல்காரரும் பணியாளரும் இருந்ததால் காலையிலேயே மீனும் இறைச்சியும் முட்டையும் பரப்பி வைக்க முடிந்தது. இசபெல்லா பீட்டன் 1861-இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூலில் காலை உணவுக்கான இப்படிப்பட்ட பண்டங்களின் பட்டியலே இருக்கிறது. பின்னர் இரண்டாம் உலகப் போரில், 1940 ஜனவரியில், பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் பங்கீட்டுக்கு வந்தன. இறைச்சிக்கான பங்கீடு 1954 ஜூலையில்தான் முற்றிலும் முடிந்தது. பதினான்கு ஆண்டுகள் ரேஷன் அட்டையோடு வாழ்ந்தவர்கள் அவர்கள் என்றதும் என் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

அந்தத் தட்டில் இருக்கும் பீன்ஸ்கூட அமெரிக்கா வழியாக வந்ததுதான். தக்காளிச் சாற்றில் ஊறிய வெள்ளை அவரை விதைகள். ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் டப்பா 1886-இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் உயர்தரப் பண்டமாக விற்றது. சில தட்டுகளில் ‘பிளாக் புட்டிங்’ இருக்கும். பன்றி ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்து அடைத்தது. முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தேன். “எங்க வீட்ல ஆட்டு ரத்தம் பொரிப்பாங்க டீச்சர், நல்லாயிருக்கும்,” என்றாள் முன்வரிசைப் பெண்.

கெட்ஜெரியையும் விடக்கூடாது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர், அரிசியும் பருப்புமான கிச்சடியை ஊருக்குக் கொண்டுபோய், பருப்பை விட்டுவிட்டு, புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும் மசாலாப் பொடியும் சேர்த்துக் காலை உணவாக்கினார்கள். அதே சொல் நம்மிடம் வந்து ரவையோடும் சேமியாவோடும் சேர்ந்து, இன்று பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் தட்டிலும் இருக்கிறது.

அங்கேயும் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அதனால்தான் பல பள்ளிகள் மணியடிக்கும் முன் ‘பிரெக்ஃபஸ்ட் கிளப்’ நடத்துகின்றன. 2025 ஏப்ரலில் இங்கிலாந்து அரசே 750 பள்ளிகளில், தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு இதை இலவசமாகத் தொடங்கியது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியதை ஆசிரியர்கள் அறிவோம். இதுவும் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கானது.

இதைப் படித்த பிறகு அட்டையைக் கழற்றிவிட்டு, ஏழாம் வகுப்பில் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். இன்று காலை உண்மையில் சாப்பிட்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் தமிழிலேயே சொல்லலாம் என்றேன். பழைய சோறு, நேற்றைய இட்லி, கடையில் வாங்கிய வடை, வரக்காப்பி. பழைய சோற்றுக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கால் மணி நேரம் விவாதம். அந்த வகுப்பில்போல் அதற்கு முன் அவர்கள் ஆங்கிலம் பேசியதில்லை.

‘எக் அண்ட் சாஸேஜ்’ பையன் எழுந்து, “நத்திங், டீச்சர்,” என்றான். வகுப்பு முடிந்து தனியே கேட்டேன். அவன் தங்கை நான்காம் வகுப்பு. அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவதால் இவன்தான் அவளைச் சீக்கிரமே கூட்டி வருகிறான். அவள் பள்ளியில் உப்புமா சாப்பிட்டு முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நிற்பான். தினமும் நான் வண்டியை நிறுத்தும் இடம் அது. அவன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். விளையாடக் காத்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தார். ஒரு பெற்றோர் கேழ்வரகு மாவு தர ஒப்புக்கொண்டார். இன்னொருவர் காய்ச்சித் தருகிறார். இப்போதைக்கு வாரம் மூன்று நாள், மணியடிப்பதற்கு முன், ஆறு முதல் எட்டு வரை வேண்டியவர்களுக்கு ஒரு தம்ளர் கூழ். மற்ற இரண்டு நாளுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

ஏழாம் வகுப்பு அதைப் ‘பாரிட்ஜ்’ என்றுதான் சொல்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் மாதிரி, உப்புப் போட்டு.