புற்றுக்காளானும் நச்சுக்காளானும்
மழைக்காலத்தில் காளான் பறிப்போர் அறியவேண்டியவை

ஊவா மாகாணத்தின் தென்சரிவில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்த தேயிலைத் தோட்டம் அமைந்துள்ளது. ஒக்டோபரில் மழை தொடங்கிச் சில நாட்கள் சென்றதும், இத்தோட்டத்தைச் சூழ்ந்த பற்றைக்காடுகளிலும், தேயிலை மலையோரங்களிலும், மரக்கறிப் பாத்திகளின் அருகிலுள்ள புற்றடிகளிலும் காளான்கள் முளைத்தெழுகின்றன. தோட்டத்து மக்களும் அயற்கிராமத்துக் கமக்காரரும் இவற்றைப் பறித்துக் கறியாக்கி உண்பது நெடுங்கால வழக்கம். விலை கொடாது கிடைக்கும் நல்லுணவு ஆதலின், இவ்வழக்கத்தைக் குறைகூற இடமில்லை. ஆயினும், ஒரு கூடைக் காளானில் ஒரேயொரு நச்சுக்காளான் கலந்துவிடின், ஒரு குடும்பமே அழிந்துபோகக்கூடும். ஆதலால் எந்தக் காளானைப் பறிக்கலாம், எதனை விடவேண்டும் என்பதை ஐயமற அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

காளானின் இயல்பு

காளான் பச்சையம் இல்லாத பூஞ்சண இனத்தைச் சேர்ந்தது. மண்ணுள்ளும் மரத்துள்ளும் நூல் போலப் படர்ந்திருப்பதே அதன் உடல். வெளியே குடைபோல் தோன்றுவது வித்திகளைப் பரப்புவதற்காக எழும் உறுப்பு மட்டுமே. புதுக் காளான் 100 கிராமில் ஏறத்தாழ 90 கிராம் நீராகும். எஞ்சிய பகுதியில் புரதமும் உப்புச்சத்துக்களும் உண்டு. குடை, குடையின் அடிப்புறத்தில் அடுக்கடுக்காயுள்ள தகடுகள், தண்டு, தண்டின் அடி ஆகிய நான்கையும் பார்த்தே ஒரு காளானின் இனத்தை அறிதல் வேண்டும். குடையை மாத்திரம் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறுவர்.

புற்றுக்காளான்

மலைநாட்டில் பறிக்கப்படும் உணவுக்காளான்களுள் முதன்மையானது புற்றுக்காளான் ஆகும். இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. கறையான்கள் உலர்ந்த இலை, மரத்துண்டு முதலியவற்றைத் தின்று, அவற்றின் எச்சத்தால் புற்றினுள் தேன்வதை போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அவ்வடைகளில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்கிறது. கறையான் அதனைப் பேணி உண்கிறது. பூஞ்சணமோ கறையானுக்குச் செரிக்காத மரநாரைச் செரிக்கச் செய்து கொடுக்கிறது. ஏற்ற மழை பெய்ததும், அடையிலிருந்து வேர் போன்ற நீண்ட அடித்தண்டு மேல்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்துக் குடையாக விரிகிறது.

பேராதனையில் அரசாங்கப் பூஞ்சணவியலாளராகப் பணியாற்றிய தோமஸ் பெட்ச், இலங்கைக் கறையான் புற்றுக்களின் பூஞ்சணங்களை ஆராய்ந்து, 1906 ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பிரான்சிய அறிஞர் ரொஜர் ஹைம் 1942 இல் இவ்வினத்துக்குத் தேமிற்றோமைசிசு என்னும் பெயரைச் சூட்டினார். கறையானின் துணையின்றி இக்காளானை வயலிலோ கொட்டிலிலோ பயிரிட்டு விற்பனைக்கேற்ற விளைச்சல் பெறுதல் இயலவில்லை. ஆகவே புற்றை அழிப்பவர் காளானையும் அழிப்பவராவார்.

அடையாளங்கள்

பெரிய புற்றுக்காளானைப் பறிப்பவர் பின்வரும் அடையாளங்கள் அனைத்தும் ஒருங்கே உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும்.

1. குடையின் நடுவில் கூரிய முனை அல்லது திரண்ட குமிழ் இருக்கும். மண்ணைத் துளைத்து மேலெழ உதவுவது இம்முனையே.

2. தகடுகள் முதலில் வெண்மையாயிருந்து, முதிரும்போது இளஞ்சிவப்புச் சாயல் பெறும். அவை ஒருபோதும் பச்சை நிறமாகா.

3. தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இராது.

4. தண்டு மண்ணின் கீழ் வேர்போலச் சிறுத்து நீண்டு, கறையான் அடை வரை செல்லும்.

நான்காவது அடையாளமே தலையாயது. இதனைக் காண்பதற்குக் காளானை மேலே முறித்தெடுத்தல் ஆகாது. கூரிய கோலாலோ சிறு கத்தியாலோ சுற்றியுள்ள மண்ணைத் தளர்த்தி, அடித்தண்டு முழுவதையும் மெல்ல எடுத்தல் வேண்டும். தண்டை முறித்துப் பறித்த காளான், அடையாளச்சீட்டைக் கிழித்தெறிந்த சாக்கைப் போன்றது. உள்ளே இருப்பது யாதென்று பின்னர் எவராலும் கூற இயலாது. சிறிய குடைகளுடன் கூட்டங்கூட்டமாய் முளைக்கும் புற்றுக்காளான் வகையொன்றுக்கு இந்நீண்ட வேர் இல்லை. ஆதலால் அதனை நன்கு பழகி அறிந்தவர் அன்றிப் புதியவர் பறித்தல் கூடாது.

அஞ்சத்தக்க காளான்கள்

முதலாவது, அமனிற்றா இனம். இவ்வினத்திற் பலவற்றுக்குத் தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறையும், மேற்பகுதியில் வளையமும் இருக்கும். தகடுகளும் வித்திகளும் வெண்மையானவை. இவ்வினத்துட் சிலவற்றில் ஈரலைச் சிதைக்கும் கொடிய நஞ்சு உண்டு. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும், உலர்த்தினாலும் அந்நஞ்சு நீங்காது. உண்டு 6 முதல் 24 மணித்தியாலம் வரை யாதொரு துன்பமும் தோன்றாது. பின் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். அடுத்த நாள் நோய் தணிந்தது போலத் தோன்றும். இத்தணிவு பொய்யானது. அதற்குள் ஈரல் பழுதுற்று, சில நாட்களில் உயிருக்கு இறுதி நேரிடலாம்.

இரண்டாவது, பச்சைத்தகட்டுக் காளான். இது புல்வெளியிலும் எருவிட்ட நிலத்திலும் பெரிதாக, வெள்ளைக் குடைமேல் கபிலநிறச் செதில்களுடன் வளர்வது. இளமையில் இதன் தகடுகளும் வெண்மையாயிருப்பதால் பலர் ஏமாறுகின்றனர். முதிரும்போதே தகடுகள் பச்சைச் சாயல் கொள்கின்றன. உண்டு 1 முதல் 3 மணித்தியாலத்துள் கடும் வாந்தியும் பேதியும் ஏற்படும். மரக்கறித் தோட்டத்தில் எருக்குவியலருகே முளைக்கும் பெரிய வெள்ளைக் காளானைக் கமக்காரர் தவிர்த்தல் நன்று.

தேயிலை நாடுகள் யாவற்றுக்கும் இவ்வபாயம் பொதுவானது. 2022 ஏப்பிரலில், இந்தியாவின் அசாம் மாநிலத்து மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக்காளானை உண்ட 13 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து மக்கள். ஒரு குழந்தையும் அவர்களுள் அடங்கும். காளான் பறித்துப் பழகாதவர்களுக்கே இத்தகைய துன்பம் நேரும் என்று எண்ணுதல் தவறு. உண்ணும் காளானைப் போன்றே தோன்றும் நச்சுக்காளான் பழகியவரையும் ஏமாற்றும்.

நம்பத்தகாத சோதனைகள்

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்றும், உள்ளிப்பூண்டோ அரிசியோ சேர்த்து வேகவைக்கும்போது நிறம் மாறினால் நஞ்சு என்றும், புழுவும் நத்தையும் தின்ற காளான் மனிதருக்கும் ஏற்றது என்றும், மரத்தில் முளைப்பன யாவும் நல்லன என்றும் கூறுவர். இவற்றுள் ஒன்றேனும் மெய்யன்று. அமனிற்றாவின் நஞ்சு வெள்ளியைக் கறுப்பிக்காது. பூண்டின் நிறத்தையும் மாற்றாது. நத்தைக்குத் தீங்கு செய்யாத நஞ்சு மனிதரைக் கொல்லும். அடுக்களையில் செய்யத்தக்க நஞ்சுச் சோதனை ஒன்றும் இல்லை என்பதை யாவரும் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

வித்தி நிறம் பார்த்தல்

இனத்தை அறிவதற்கு உதவும் எளிய முறை ஒன்று உண்டு. விரிந்த குடையைத் தண்டிலிருந்து நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் தகடுகள் கீழ்நோக்கும்படி வைத்து, ஒரு பாத்திரத்தால் மூடி ஓர் இரவு விடவேண்டும். காலையில் வித்திகள் தாளில் தூள்போலப் படிந்திருக்கும். படிவு பச்சையாயின் அது பச்சைத்தகட்டுக் காளான். தூய வெண்மையாயின் அது புற்றுக்காளான் அன்று. அமனிற்றாவாக இருத்தலுங் கூடும். புற்றுக்காளானின் படிவு இளஞ்சிவப்பாயிருக்கும். எனினும் இளஞ்சிவப்புப் படிவு தரும் நச்சுக்காளான்களும் உள. ஆகவே இம்முறை தீய காளானை விலக்க உதவுமேயன்றி, நல்லதென்று உறுதிகூற உதவாது. மேற்கூறிய நான்கு அடையாளங்களும் பொருந்தியிருத்தல் வேண்டும்.

இடமும் முறையும்

கிருமிநாசினியோ களைநாசினியோ தெளித்த மரக்கறிப் பாத்தி, தேயிலை நிரை ஆகியவற்றின் ஓரங்களிலும், மருந்தூற்றிய புற்றிலும் முளைத்த காளான்களைப் பறித்தல் கூடாது. காளான் தான் வளரும் மண்ணிலுள்ள நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். பறித்தவற்றைப் பொலித்தீன் பையில் அடைத்தால் விரைவில் அழுகும், ஓலைக்கூடையே ஏற்றது. ஐயமுள்ள காளானை மற்றவற்றோடு ஒரே கூடையில் இடலாகாது. முதிர்ந்து விரிந்த சிலவற்றைப் பறியாது விடுதலும், புற்றை வெட்டாது மண்ணை மீண்டும் மூடுதலும் அடுத்த ஆண்டின் விளைவுக்கு நலமாகும். ஒதுக்கக் காடுகளினுள் அனுமதியின்றிப் புகுதல் சட்டத்துக்கு மாறானது. சமைக்குமுன் முழுக்காளான் ஒன்றைத் தாளிற் சுற்றித் தனியே வைத்தல் நல்வழக்கம். நோய் ஏற்படின் மருத்துவருக்கு அதுவே வழிகாட்டும்.

இவ்வூரார் மறக்கலாகாத வேறோர் அபாயமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், தொடர்மழையின் பின் மீரியபெத்தவில் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து, லயன் வீடுகளை மண்ணுள் புதைத்தது; பலர் உயிரிழந்தனர். காளானை முளைப்பிக்கும் மழையே சரிவையும் தளர்விக்கிறது. நிலத்திற் புதிய வெடிப்பு, மரங்களோ கம்பங்களோ சாய்தல், புதிய இடத்தில் கலங்கல் நீர் ஊறுதல், ஓடிய ஊற்று திடீரென நின்றுபோதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கூடையை விட்டுவிட்டு உடனே விலகி, அயலவர்க்கும் அறிவித்தல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ள நாட்களில் சரிவுகளுக்குச் செல்லலாகாது.

நோய் தோன்றினால்

காளான் உண்டபின் வாந்தி, வயிற்றோட்டம், மயக்கம் ஆகியன தோன்றின், கைமருந்து செய்து காலங்கடத்தாமல் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். உண்ட நேரத்தையும் நோய் தொடங்கிய நேரத்தையும் குறித்துக் கூறுதல் அவசியம். எஞ்சிய காளானையும் கறியையும் உடன் கொண்டு செல்லல் வேண்டும். அதே கறியை உண்ட யாவரும், நோயின்றி இருப்பினும், மருத்துவரிடம் காட்டப்படல் வேண்டும். நோய் தணிந்ததெனக் கருதி இடையில் வீடு திரும்புதல் கூடாது.

ஐயமற்ற வழி

காளானை விரும்பும் கமக்காரர் அதனைப் பயிரிடுதல் மேலும் பாதுகாப்பானது. கோயம்புத்தூரில் 1943 ஆம் ஆண்டளவிலேயே வைக்கோற் காளானைப் பயிரிடும் முறை வெளியிடப்பட்டது. நனைத்த வைக்கோற் கட்டுகளை அடுக்கி, நம்பத்தக்க இடத்திற் பெற்ற காளான் விதையை இட்டு மூடிவைத்தால், இரண்டு வாரமளவில் பறிக்கலாம். 10 கிலோகிராம் வைக்கோலில் ஏறத்தாழ 1 கிலோகிராம் காளான் எதிர்பார்க்கலாம். இதற்கு 30 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டுமாதலின், மலையடியிலுள்ள வெல்லவாயப் பக்கத்து நெற்கமக்காரருக்கு இது பொருந்தும். குளிர்ந்த மீரியபெத்தப் பகுதிக்குச் சிப்பிக்காளான் ஏற்றது. காட்டில் தானே முளைத்த வைக்கோற் காளானைப் பறித்தலோ ஆபத்தானது. அமனிற்றாவைப் போன்றே அதற்கும் அடிக்கிண்ணம் இருப்பதால், இரண்டும் இளமையில் முட்டைபோல் ஒன்றாகவே தோன்றும்.

லயன்களிலும் கிராமங்களிலும் வாழும் முதியோரிடம் புற்றடிகளைப் பற்றிய அரிய அறிவு உண்டு. இளையோர் அவர்களுடன் கூடவே சென்று, தோண்டிப் பார்த்துப் பழகுதல் வேண்டும். வாய்ச்சொல்லால் மட்டும் இவ்வறிவு கைவராது. நன்கு அறிந்த ஓரினத்தை மாத்திரம் பறித்து, ஐயமுள்ள மற்றவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவருபவர், வெறுங்கூடையுடன் திரும்பினும் நட்டமடைந்தவர் ஆகார்.