முந்திரிகைப் பந்தலும் மாரி மழையும்



யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் உரும்பிராய், கோண்டாவில் போன்ற இடங்களில் முந்திரிகைச் செய்கை நன்கு வேரூன்றியுள்ளது. இங்கு பெரும்பாலும் பயிரிடப்படுவது ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கறுப்பு இனமாகும். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் சிலர் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டனர். வேறு சிலரோ இன்னும் பிறர் காணியிலேயே வாழ்கின்றனர். இரு பகுதியினருக்கும் பயன்படும் வகையில் இப்பாடத்தை எழுதுகிறோம்.

நட முன் சிந்திக்க வேண்டியவை

முந்திரிகை நட்ட உடனே பலன் தராது. முதற் குலையை வெட்ட ஒன்றரை வருடம் வரை செல்லும். அதற்குள் தூண், கம்பி, கூலி என்று பணம் முழுவதும் பந்தலுக்குள் போய்விடும். ஆகவே பிறர் காணியில் இருப்போர், பல வருடக் குத்தகை எழுத்தில் இல்லாமல் கடன்பட்டுப் பந்தல் போட வேண்டாம். வாயால் சொன்ன சொல் போதாது. காணிக்காரர் நல்லவராக இருந்தாலும் அவருடைய பிள்ளைகளுக்கு நாளை காணி தேவைப்படலாம்.

அப்படியானால் அதுவரை என்ன செய்யலாம்? பப்பாசி நடலாம். அது ஒன்பது, பத்து மாதங்களில் பலன் தரும். வாழை ஏறத்தாழ ஒரு வருடத்தில் குலை தள்ளும். இரண்டுக்கும் பந்தல் தேவையில்லை. பப்பாசியின் அடியில் மழைநீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எனவே மேட்டில் நட்டு வாய்க்கால் வெட்டுங்கள். இலை சுருங்கி, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தால் அது வைரசு நோய். அதற்கு மருந்து இல்லை. அசுவுணி அதை மற்ற மரங்களுக்கும் பரப்பும். நோய்ப்பட்ட மரத்தைத் தாமதியாது பிடுங்கி அழித்துவிடுங்கள்.

முந்திரிகைக் கன்றை மட்டும் இப்போதே ஆயத்தம் செய்யலாம். நோயற்ற கொடியிலே, நன்கு முற்றிப் பழுப்பு நிறமான, பென்சில் பருமனுள்ள தடியைத் தெரிந்தெடுங்கள். நான்கு கணுக்கள் உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். பையில் வளரும் கன்றை எங்கே போனாலும் கொண்டு போகலாம்.

கத்தரிக்கும் காலம்

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் முந்திரிகை இலையுதிர்த்து உறங்கும். நமது நாட்டில் அது உறங்குவதில்லை. கத்தரித்தால்தான் புதுத் தளிர் விட்டுக் காய்க்கும். முற்றிய தடியிலிருந்து வரும் புதுத் தளிரிலேயே குலை வரும். கத்தரித்ததிலிருந்து பழம் பழுக்க மூன்றரை தொடக்கம் நான்கு மாதங்கள் பிடிக்கும். ஆகவே கத்தரிக்கும் நாளைத் தெரிவு செய்யும்போதே வெட்டும் நாளையும் தெரிவு செய்கிறோம்.

ஐப்பசியில் மாரி தொடங்கும். மழையில் நனைந்த பழம் வெடித்து அழுகும். ஐப்பசி முதல் வாரத்திலிருந்து நான்கு மாதங்களைப் பின்னோக்கி எண்ணினால் ஆனி முதல் வாரம் வருகிறது. எனவே தை பிற்பகுதியில் ஒரு முறை கத்தரித்து வைகாசியில் பழம் வெட்டுங்கள். கொடிக்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்து, ஆனியில் மறுமுறை கத்தரியுங்கள். ஆனி கடந்துவிட்டால் அவ்வருடம் இரண்டாம் போகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஆடி, ஆவணியில் கத்தரித்தவர் கார்த்திகை மழையில் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கடனோடு நிற்க நேரிடும்.

நோய்களை இனங்காணல்

இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டது போன்ற மஞ்சட் புள்ளியும், அதன் கீழ்ப்புறம் வெள்ளைப் பஞ்சு போன்ற படையும் தெரிந்தால் அது மழைக்காலப் பூஞ்சண நோய். இலையிலும் காயிலும் சாம்பல் தூவியது போலிருந்தால் அது தூட் பூஞ்சணம். இதற்கு நனையும் கந்தகம் உதவும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மழைக்காலப் பூஞ்சணத்துக்குப் போர்டோக் கலவை நல்லது. பிரான்சின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கத் துருசும் சுண்ணாம்பும் தெளித்த கொடிகளில் மட்டும் நோய் குறைந்திருந்ததை மிலார்டே என்னும் தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அம்மருந்தை அவர் உலகுக்கு அறிவித்தார்.

செய்முறை: 100 கிராம் துருசை 5 லீற்றர் நீரிலும், 100 கிராம் புதிய சுண்ணாம்பை வேறு 5 லீற்றர் நீரிலும் கரையுங்கள். பிளாஸ்ரிக் அல்லது மண் பாத்திரமே வேண்டும். துருசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் கலக்கிக் கலக்கி மெல்ல ஊற்றுங்கள். துருப்பிடிக்காத சுத்தமான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்துங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே வடித்து, இலையின் கீழ்ப்புறமும் நனையத் தெளியுங்கள். நோய் வருமுன் தெளித்தாலே பயன். பழுக்கத் தொடங்கிய குலைக்குத் தெளிக்க வேண்டாம்.

மருந்துக்கு முன் கைவேலை

பந்தலுக்குள் காற்றும் வெளிச்சமும் புகும்படி மிஞ்சிய தளிர்களைக் கிள்ளுங்கள். கத்தரித்த கழிவையும் நோய்ப்பட்ட இலையையும் பந்தலின் கீழ் விடாமல் எரியுங்கள். மாலையில் இலை நனைய நீர் ஊற்றாமல் காலையில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீர் உவரானால் இலையின் ஓரம் கருகும். அதை நோயென்று எண்ணி மருந்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கொய்யா, மாமரம் உள்ளோர் விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி இரண்டு அடி ஆழத்தில் புதைத்தால் பழ ஈ குறையும்.

எந்த மருந்து வாங்கினாலும், தெளித்த பின் எத்தனை நாள் பொறுத்து அறுவடை செய்யலாம் என்பதைப் போத்தலில் பாருங்கள். அப்பழத்தை முதலில் தின்பது உங்கள் பிள்ளைகளே. ஐயமிருந்தால் நோய்ப்பட்ட இலையைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள்.

கலந்துரையாட

1. உங்கள் குத்தகை எத்தனை வருடத்துக்கு? அது எழுத்தில் உண்டா?
2. உங்கள் பந்தலில் கடைசியாகக் கத்தரித்தது எம்மாதம்? பழம் எம்மாதத்தில் விழும்?
3. துருசு, சுண்ணாம்பு, தெளிகருவி ஆகியவற்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்க முடியுமா?