பின்னால் நிற்கும் நான்கு குரல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் நண்பர்கள் நால்வரும் பாடி ஸ்கார்பரோவிலிருந்து அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். ஐவருக்குமே நல்ல சாரீரம். சுருதி எங்கும் பிசகவில்லை. ஆளுக்கொரு அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பாடி, பிறகு கணினியில் சேர்த்ததாக எழுதியிருந்தாய். நீ எழுதாமல் இருந்தாலும் தெரிந்திருக்கும். ஒருவர் பாடியதை இன்னொருவர் கேட்டார் என்பதற்கு அந்தப் பாட்டில் எந்தத் தடயமும் இல்லை. பல குரல்கள் இசைந்து பாடும் டூ-வாப் பாட ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. ஆகவே இந்தக் கடிதத்தில் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அடுத்த பாட்டில் லீட், அதாவது முன்னணிக் குரல், உனக்குக் கிடைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். கிடைக்கட்டும். ஆனால் அதற்கு முன் கொஞ்ச காலம் பின்னால் நின்று பாடு. இந்த இசையே பின்னால் நின்றவர்களிடமிருந்து பிறந்ததுதான்.

அதன் வேரைத் தேடிப் போனால் கறுப்பின மக்களின் தேவாலய நால்வர் குழுக்களிடம் போய்ச் சேருவாய். கோல்டன் கேட் குவார்ட்டெட் போன்றவர்கள் வாத்தியமே இல்லாமல், கேட்பவர்கள் கால் தட்டும்படி பக்திப் பாட்டுப் பாடினார்கள். ஒஹாயோ மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரிலிருந்து வந்த மில்ஸ் சகோதரர்கள் வாயாலேயே டிரம்பெட்டும் டியூபாவும் வாசித்தார்கள். 1931இல் அவர்களுடைய இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கியபோது, ஒரு கிட்டாரைத் தவிர இதில் வேறு வாத்தியம் எதுவும் இல்லை என்று தட்டின் மேலேயே அச்சிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதன் பிறகு இங்க் ஸ்பாட்ஸ். மேலே பில் கென்னியின் மெல்லிய டெனர், கீழே பாட்டின் நடுவில் பேசுவது போலச் சொல்லிப் போகும் பேஸ். உச்சத்தையும் அடியையும் எதிரெதிரே நிறுத்தும் அந்த வழியைப் பின்னால் வந்த எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொண்டன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இது இளைஞர் கைக்கு வந்தது. 1946இல் நியூயார்க்கில் ரேவன்ஸ் குழு உருவானது. அதில் ஜிம்மி ரிக்ஸ் பேஸ் குரலிலேயே லீட் பாடினார். 1948இல் பால்டிமோரின் ஓரியோல்ஸ் குழு, டெபரா செஸ்லர் என்ற இளம்பெண் எழுதிய பாட்டைப் பதிவு செய்தது. அவரே அந்தக் குழுவின் மேலாளரும் கூட. அதில் சன்னி டில் பாடுவதைக் கேள். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தத் தேவையே இல்லாதபடி மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்பார்கள். இதற்குப் பிறகு ஹார்லெம், பிராங்க்ஸ், பிலடெல்பியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று தெருவுக்குத் தெரு ஐந்து பையன்கள் கூடினார்கள். தெற்கிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் ஏராளம். தேவாலயத்தில் பாடிப் பழகிய தொண்டை இருந்தது. வாத்தியம் வாங்கக் காசில்லை. வாத்தியத்தின் வேலையையும் தொண்டையே எடுத்துக்கொண்டது. டூ-வாப் என்ற பெயர் பரவலானது அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்த பிறகுதான்.

அவர்கள் எங்கே நின்று பாடினார்கள் என்பதைக் கவனி. மாடிப்படிக்கட்டின் அடி, பள்ளிக் கழிப்பறை, சுரங்க ரயில் நிலையம். ஓடு பதித்த, காரை பூசிய சுவர்கள் ஒலியை விழுங்காமல் திருப்பித் தருகின்றன. உன் குரலும் பக்கத்தில் நிற்பவன் குரலும் ஒரே கணத்தில் காதுக்கு வருகின்றன. சுருதி பொருந்தினால் அந்த இடமே அதிர்கிறது; பொருந்தாவிட்டால் அதையும் உடனே காட்டிக்கொடுக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோரும் லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறீர்கள். படிக்கட்டு சும்மா கிடக்கும். அங்கே போய் ஒரு கை நீளத்துக்குள் வட்டமாக நின்று பாடுங்கள்.

இனி கொஞ்சம் தொழில் பேசுவோம். சிறு வயதில் நீ கர்நாடக சங்கீதம் படித்தவன். உனக்குப் பழக்கமான தம்புரா அசையாது. அது ஒரே ஆதாரத்தில் நிற்க, நீ அதன் மேல் நடந்தாய். இங்கே காலடியில் இருக்கும் தரையே நகர்கிறது. இந்தப் பாட்டுகளில் பல நான்கு கார்டுகளில், அதாவது ஸ்வரக் கூட்டுகளில், சுற்றிச் சுற்றி வரும்: சி, ஏ மைனர், எஃப், ஜி. சி-யை ஸட்ஜமாக வைத்தால் பேஸ் பாடுகிறவன் ஸ, த, ம, ப என்று நகர்கிறான். நடுவில் ஒரு டெனர் ஸட்ஜத்தையே பிடித்து நிற்கிறான் என்று வைத்துக்கொள். முதல் கார்டில் அவன்தான் வேர். இரண்டாவதில் அதே ஸ்வரம் மைனர் கார்டின் மூன்றாம் ஸ்வரமாகி, பாட்டின் சோகம் முழுவதும் அவன் கையில் வந்துவிடுகிறது. மூன்றாவதில் பேஸுக்கு ஐந்தாம் ஸ்வரமாகச் சும்மா துணை நிற்கிறான். நான்காவதில் அரை ஸ்வரம் இறங்கி நிஷாதத்துக்குப் போகிறான். மறுபடியும் ஸட்ஜத்துக்கு ஏறும்போதுதான் கேட்பவருக்கு மூச்சு வருகிறது. பாட்டு முழுவதும் இரண்டே ஸ்வரங்கள், ஆனால் நான்கு வேலைகள். எந்த நேரத்தில் எந்த வேலை என்று தெரியாமல் பாடுகிறவன் சுருதியோடு பாடினாலும் பாட்டில் சேர மாட்டான். உங்கள் பதிவில் அந்த டெனர் நீதான். நான்கு இடத்திலும் ஒரே அழுத்தத்தில் பாடியிருக்கிறாய். ஏ மைனர் வரும்போது குரலைக் கொஞ்சம் முன்னே விடு. எஃப் வரும்போது பின்வாங்கு.

பேஸ் பாடுகிற உன் நண்பனிடம் ஒன்று சொல். ஆழமான குரல் இருப்பது பாதி வேலைதான். டபுள் பேஸும் டிரம்மும் அவனே. 1961இல் பிட்ஸ்பர்க்கின் மார்செல்ஸ் குழு 'ப்ளூ மூன்' என்ற 1934ஆம் ஆண்டுப் பாட்டை எடுத்துப் பாடியபோது, பிரெட் ஜான்சனின் பேஸ் சொற்கட்டுதான் பாட்டைத் தொடங்கியே வைத்தது. பழைய மெட்டின் அசமந்தம் எல்லாம் அதில் பறந்துபோனது. அந்த அசைகளைப் பொருளற்ற உளறல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஜதி சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ப, ட போன்ற எழுத்துகள் தட்டுகின்றன. உதட்டைக் குவித்துப் பாடும் ஊகாரம் நீண்டு நின்று கார்டைத் தாங்குகிறது. மகரம் வாயை மூடி ஒலியை வட்டமாக முடிக்கிறது. ஐவரின் ஊகாரமும் ஒரே ஊகாரமாக இருக்க வேண்டும். ஒருவன் உதடு கொஞ்சம் விரிந்தாலும் கார்டு கலங்கிவிடும். உங்கள் பதிவில் மூன்றுவித ஊகாரம் கேட்கிறது.

மூன்க்ளோஸ் குழுவை இதற்காகவே கேள். 1954இல் வந்த அவர்களுடைய 'சின்சியர்லி'யில் பின்னணிக் குரல்கள் மைக்கின் அருகே மூச்சை ஊதியபடியே உயிரெழுத்தைத் தொடங்குகின்றன. ஊதும் இசைவு என்றே அந்தப் பாணிக்குப் பெயர் வந்தது. மூச்சுக் காற்றும் ஒலியும் கலந்து வருவதால் நால்வரின் குரலுக்கு இடையே இருக்கும் விளிம்புகள் கரைந்துவிடுகின்றன. இதைப் பாடிப் பார்க்கும்போது சீக்கிரம் மூச்சு வற்றும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல், முறை வைத்து வாங்கப் பழகுங்கள். அடுத்து ஃபிளமிங்கோஸ் 1959இல் பாடிய 'ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ'வைக் கேள். என் கணக்கில் இந்த வகையின் உச்சம் அதுதான். லீட் ஒரு நினைவில் மூழ்கி நிற்க, எதிரொலியில் நனைந்த பின்னணிக் குரல்கள் எங்கோ தொலைவிலிருந்து வந்து வந்து போகின்றன. அந்தப் பின்னணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அழகான பழைய மெட்டு, அவ்வளவே.

உங்கள் ஐவரில் இருவர் பெண்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றைப் பலரும் தெருமுனைப் பையன்களின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். பிராங்க்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள் பாடிப் பழகிய சிறுமிகள்தான் சான்டெல்ஸ். 'மேபி'யில் ஆர்லீன் ஸ்மித் உச்சஸ்தாயியில் கதறும்போது, பின்னால் மற்றவர்கள் கோயில் பாடகர் குழுவின் ஒழுங்கோடு நிற்கிறார்கள். அந்த ஒழுங்கு பின்னால் இருப்பதால்தான் அவரால் அப்படிக் கதற முடிகிறது.

நீ இருக்கும் டொராண்டோவுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. பெருமையும் சங்கடமும் கலந்த இடம். பிராங்க்ஸைச் சேர்ந்த கார்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குழு, தாங்களே எழுதிய 'ஷ்-பூம்' பாட்டை 1954இல் வெளியிட்டது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு அது. முன்பக்கத்தை விட்டுவிட்டு மக்கள் அதைத்தான் கேட்டார்கள். வெள்ளையரும் வாங்கியதால், அது பொது இசைப் பட்டியலின் முதல் பத்துக்குள் ஏறியது. அதே ஆண்டு டொராண்டோவின் புனித மைக்கேல் பாடகர் பள்ளியில் படித்த நான்கு வெள்ளை இளைஞர்கள், குரூ-கட்ஸ் என்ற பெயரில் அதே பாட்டைப் பாடினார்கள். அது முதலிடத்துக்குப் போனது. பல வானொலி நிலையங்கள் கறுப்பினக் குழுவின் தட்டைத் தொடாமல் இதை மட்டும் ஒலிபரப்பின. இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். குரூ-கட்ஸ் தேர்ந்த பாடகர்கள். ஒரு ஸ்வரமும் தவறாது. ஆனால் வரிகளுக்கு நடுவில் மூச்சு விட இடமில்லாமல் எல்லாம் இஸ்திரி போட்டது போல இருக்கும். கார்ட்ஸ் பாடும்போது அசைகள் ஒன்றை ஒன்று துரத்தும். ஒருவன் பாடி முடிப்பதற்குள் இன்னொருவன் சிரித்துக்கொண்டே நுழைவது போல இருக்கும். நீங்களும் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். ஆகவே உங்களுக்கு எளிதில் வரக்கூடியது குரூ-கட்ஸின் வழிதான் என்று எச்சரிக்கிறேன். மேடையில் பாடும்போது, இதை உண்டாக்கியவர்கள் யார் என்று பேர் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

பதிவைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். நல்ல ஸ்டூடியோ இல்லை என்று கவலைப்படாதே. லாஸ் ஏஞ்சலஸின் பென்குவின்ஸ் குழு 'எர்த் ஏஞ்சல்' பாட்டை ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பதிவு செய்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில், ராணுவத்தில் சேர்ந்திருந்த பிரெட் பாரிஸ் எழுதிய 'இன் தி ஸ்டில் ஆஃப் த நைட்' பாட்டை ஃபைவ் சாட்டின்ஸ் பதிவு செய்தது புனித பெர்னதெத் தேவாலயத்தின் நிலவறையில். 1956இல் வந்த அந்தப் பாட்டில் அறையின் ஈரப்பதம் கூடக் கேட்பது போல எனக்குத் தோன்றும். நீங்களும் ஒரே மைக்கை நடுவில் வையுங்கள். யார் குரல் தூக்கலாக இருக்கிறதோ அவர் அரை அடி பின்னால் போகட்டும். கணினியில் சமப்படுத்தாதீர்கள், காலால் சமப்படுத்துங்கள். ஒருவர் தவறினால் ஐவரும் முதலிலிருந்து பாட வேண்டியிருக்கும். பாடுங்கள்.

லீட் பற்றிய உன் ஆசைக்கு ஒரு வார்த்தை. 1956இல் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டால் உலகப் புகழ் பெற்ற டீனேஜர்ஸ் குழுவில் முதலில் லீட் பாடியவர் ஹெர்மன் சந்தியாகோ. பிறகு வந்து சேர்ந்த பிராங்கி லைமனுக்கு அந்தப் பதிவின்போது வயது 13தான். சந்தியாகோ பின்னால் போய் நின்றார். அந்தப் பாட்டின் பின்னணியில் அவர் இருக்கிறார். அடுத்த ஆண்டே லைமனைத் தனியாகப் பிரித்துப் பாட வைத்தார்கள். அவருக்கும் அந்த வெற்றி திரும்பவில்லை, குழுவுக்கும் திரும்பவில்லை. 1968இல், 25 வயதில், லைமன் ஹெராயினால் இறந்துபோனார். அந்தக் குழந்தையை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதே பாட்டில் இன்னொரு அநியாயமும் உண்டு. உரிமைப் பத்திரத்தில் பின்னாளில் லைமனோடு இடம்பெற்ற பெயர் மாரிஸ் லெவி; இசைத்தட்டு நிறுவன முதலாளி. பாட்டை எழுதியது நாங்கள்தான் என்று சந்தியாகோவும் அதே குழுவின் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்காடினார்கள். 1992இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காலக்கெடு கடந்துவிட்டது என்று சொல்லி அதை மாற்றிவிட்டது. மூன்க்ளோஸின் 'சின்சியர்லி'யிலும் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயர் இணை ஆசிரியராகச் சேர்ந்தது. பாடிய பிள்ளைகளுக்குத் தாளில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

நீங்கள் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டுவதாகச் சொன்னாய். மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, அந்தப் பேஸ் சொற்கட்டை யார் கண்டுபிடித்தது என்று ஐவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னணி அமைத்தவர் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். பாட்டை வெளியிடும் முன் இதைச் செய்துவிட்டு, படிக்கட்டில் பாடிய பதிவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா